சிகிஹோரில் கடலுக்கும் நேரம் உண்டு

பிலிப்பைன்ஸ் போய்விட்டு வந்தோம் என்று சொன்னால் அடுத்த கேள்வி "போராக்காயா, பலவானா?" என்றுதான் வருகிறது. ரெண்டும் இல்லை. சிகிஹோர். அந்த நாட்டில் 7,641 தீவுகள் இருக்கின்றன. அதில் இது ஒன்று. நானே அந்தப் பெயரை டாக்டர் சொல்லித்தான் முதலில் கேட்டேன்.

டாக்டர் எங்கள் பள்ளிக்கூட செட். மிண்டனாவோவில் இருக்கும் தாவாவ் நகரத்தில் மருத்துவம் படித்தவன். தமிழ்நாட்டிலிருந்து வருஷா வருஷம் நிறையப் பிள்ளைகள் தாவாவுக்குப் படிக்கப் போகிறார்கள், உங்களுக்கே யாராவது ஒருவரைத் தெரிந்திருக்கும். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டில் இருக்கிற பாட்டி தன் வலியை பிசாயா மொழியில்தானே சொல்வார்? அப்படி வார்டிலேயே அந்த மொழியைப் பிடித்துக்கொண்டான். சிகிஹோரிலும் பேசுவது பிசாயாதான். "ஒரு தீவு பூரா எனக்குப் பேசத் தெரியும், வாங்கடா" என்று பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் நாலு பேர் கிளம்பினோம். நான், டாக்டர், செலவுக் கணக்கு எழுதுகிற எங்கள் பொருளாளர் (சுத்த சைவம்), பிறகு 'தூக்கம்' என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிடும் ஒருவன். பெயர்க் காரணம் விளக்கத் தேவையில்லை.

தீவு சின்னது. பரப்பு சுமார் 337 சதுர கிலோமீட்டர், 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஆறு ஊராட்சிகள், எல்லாவற்றையும் கோக்கிற ஒரே வட்டச் சாலை, எழுபது கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். எழுபது கிலோமீட்டர்தானே, காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் சாயங்காலத்துக்குள் தீவே முடிந்துவிடுமே என்று தோன்றும். துறைமுகத்தில் இறங்கியதும் கையில் திணிக்கிற அட்டையிலும் அதுதான் இருக்கும்: அருவி, ஆலமரம், தேவாலயம், மூன்று கடற்கரை, எல்லாம் ஒரே நாளில். பொருளாளர் அதை மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

தங்கின வீட்டுக்காரம்மா அந்த அட்டையைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் என்னவோ சொன்னார். டாக்டர் சிரித்தான். "கடல் எத்தனை மணிக்கு இருக்கும்னு பாத்தீங்களான்னு கேக்கறாங்கடா."

கேலியாகக் கேட்கவில்லை அவர். சிகிஹோரைச் சுற்றிலும் பவளப்பாறைத் திட்டு. கரையிலிருந்து வெகுதூரம் ஆழமே கிடையாது. ஓதம் ஏறியிருக்கும்போது படங்களில் பார்க்கிற அதே பச்சை நீலம், கழுத்தளவு தண்ணீர், நீந்தலாம். ஓதம் வற்றினால் அதே இடத்தில் கடற்புல்லும் கல்லும் சேறும் பல்லிளித்துக்கொண்டு கிடக்கும். தண்ணீரைத் தொட நெடுந்தூரம் நடக்கணும், நடக்கிற பாதையில் கருப்பாக முள்ளுருண்டைகள் காத்திருக்கும். கடல் முள்ளெலி. ஒன்றை மிதித்தால் அன்றைய பொழுது போச்சு. நம் ஊர்க் கடற்கரைகளில் இந்த ஏற்ற இறக்கம் குளிக்கப் போகிறவனுக்கு அவ்வளவாக உறைப்பதில்லை, அதனால் நாம் யோசிப்பதும் இல்லை. அங்கே ஒரு நாளில் பெரும்பாலும் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் ரொம்ப அதிகம். நேரமும் தினமும் தள்ளிக்கொண்டே போகும். நேற்று நாலு மணிக்கு நிறைந்திருந்த கடல் இன்றைக்கும் நாலு மணிக்கு நிறைந்திருக்கும் என்று நம்பக்கூடாது.

இணையத்தில் சிகிஹோர் கடற்கரைகளைப் பற்றி "ஏமாந்துவிட்டோம்" என்று எழுதியிருப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் ஓதம் வற்றிய நேரத்தில் போனவர்கள்தான் என்பது என் கணிப்பு. கடற்கரை மேல் தப்பே இல்லை.

ஆக, எங்கள் திட்டத்தை ஓத அட்டவணை எழுதியது. கடல் வற்றுகிற நேரத்தில் மலைப்பக்கம், நிறைகிற நேரத்தில் கரைப்பக்கம். அட்டையை மடித்து வைத்த பொருளாளருக்கு மட்டும் வருத்தம்.

இனி கம்புகஹாய். லாசி ஊரில் இருக்கிற மூன்று அடுக்கு அருவி, தீவுக்கு வருகிற எல்லாரும் வந்து நிற்கிற இடம். சாலையிலிருந்து நூற்றுச் சொச்சம் படி இறங்கணும். இறங்க இறங்க மரத்துக்கு நடுவில் ஒரு நிறம் தெரியும். பச்சையா நீலமா என்று சொல்ல வராது. பால் கொஞ்சம் கலந்த மாதிரி ஒரு மங்கல் நீலம். ரசாயனம் எதையும் கொட்டவில்லை, எல்லாம் சுண்ணாம்பு. தீவே பழைய பவளப்பாறை கடலுக்கு மேலே எழும்பி உண்டானது. நடுவில் இருக்கும் பண்டிலான் மலை 550 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த மலைப்பக்கம்கூடப் பெருஞ்சிப்பி ஓடுகள் கல்லாகிக் கிடைக்கின்றன. அந்தச் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் ஆறு வருகிறது. தண்ணீர் சிதறி விழுகிற இடத்தில் கரைந்த சுண்ணாம்பு மறுபடியும் படிந்து பாறையாகிவிடும். விளிம்பு வளைந்து வளைந்து தொட்டி கட்டின மாதிரி இருக்கிறதே, கட்டினது ஆறேதான்.

குற்றாலத்தில் வளர்ந்தவனுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். நமக்கு அருவி என்றால் கீழே போய் நின்று தலையையும் முதுகையும் கொடுப்பது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் அடி வாங்கிவிட்டு வருவது. கம்புகஹாயில் விழுகிற தண்ணீருக்கு அவ்வளவு உயரமும் இல்லை, வேகமும் இல்லை. சுகமெல்லாம் கீழே தேங்கி நிற்கிற குளத்தில். 'தூக்கம்' போன வேகத்தில் பாறைக்குக் கீழே போய் முதுகைக் கொடுத்து நின்றான், தென்காசிப் பழக்கம். பக்கத்தில் இருந்த கொரியாக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு வரிசையாக வந்து நின்றார்கள்.

குளத்துக்கு மேலே மரக்கிளையில் கயிறு கட்டியிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பையன்கள்தான் நடத்துகிறார்கள். ஒரு தொகை கொடுத்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆடலாம். கயிற்றைப் பிடித்து மேடையிலிருந்து வீசி, குளத்தின் நடுவில் கைவிட்டால் தொபுக்கடீர். பையன்கள் முதலில் செய்து காட்டுவார்கள்: தலைகீழாக, குட்டிக்கரணம் போட்டு, ஒருவன் தோளில் ஒருவன் ஏறி. நமக்குச் சொல்வது ஒரே விதி. அவர்கள் கத்தும்போது கையை விடணும். முன்னால் விட்டால் கல், பிந்தி விட்டால் திரும்பி வந்து மேடையிலேயே மோதுவோம். நீந்தத் தெரியாதவருக்கு மிதவைச் சட்டை தருகிறார்கள், வாங்கிப் போட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். மூங்கில் தெப்பமும் உண்டு. அது படம் எடுப்பவர்களுக்கு.

காலை எட்டு மணி வாக்கில் போய்விடுங்கள். பத்து, பதினொன்றுக்கெல்லாம் வேன்கள் வந்து நின்றுவிடும், குளத்தில் தண்ணீரை விடத் தலைகள் அதிகம். முதல் நாள் நல்ல மழை பெய்திருந்தால் அந்த நீலமும் இருக்காது, செம்மண் கலந்துதான் ஓடும். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்கள் குடும்பமாகச் சோற்றுப் பானையோடு வருவார்கள். எனக்கென்னவோ அந்தக் கூட்டம் மட்டும் பிடித்திருந்தது. டாக்டரின் பிசாயாவைக் கேட்டு ஒரு அத்தை சிரித்துச் சிரித்து, சுட்ட மீனில் பாதியை இலையில் வைத்துக் கொடுத்துவிட்டார். "தாவாவ்காரன் மாதிரியே பேசறியே" என்றாராம்.

இப்போது காசு விஷயம். சிகிஹோரில் எங்கே போனாலும் ஒரு சின்னத் தொகை கேட்பார்கள். வண்டி நிறுத்த, உள்ளே போக, கயிறு ஆட, மீன் கடிக்கிற குளத்தில் கால் வைக்க. ஒரு பேசோ ஏறக்குறைய ஒன்றரை ரூபாய். தனித்தனியாகப் பார்த்தால் டீக்காசு. ஆனால் கணக்கு எழுதுகிறவனுக்கு எரிச்சல்தானே! துபோட் கடற்கரையில் பொருளாளருக்குப் பொறுமை போய்விட்டது. "கடலுக்குள்ள போறதுக்குமாடா டிக்கெட்டு?"

அந்த டிக்கெட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. துபோட் ஒரு கடல் சரணாலயம். அங்கே மீன் பிடிக்கக் கூடாது, காவல் உண்டு. பிலிப்பைன்ஸில் இந்த ஏற்பாட்டை உண்டாக்கியவர் ஏஞ்சல் அல்காலா என்கிற உயிரியலாளர். எதிர்க்கரையில் தெரிகிற துமகெத்தே நகரத்தின் சில்லிமன் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1974இல் சுமிலோன் தீவில் முதல் சரணாலயம், பிறகு 1982இல் அப்போ தீவில் மீனவர்களையே சம்மதிக்க வைத்து இன்னொன்று. பாறையில் ஒரு பங்கை மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள், அங்கே பெருகுகிற மீன் வெளியே வந்து உங்கள் வலையில்தான் விழும் என்பது அவர் வாதம். மீனவர்கள் சந்தேகத்தோடு ஒத்துக்கொண்டார்கள், வருஷங்கள் போனதும் மீன் அப்படியே வந்தது. அந்த மாதிரிதான் அப்புறம் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் பரவியது. காவலுக்கு நிற்கிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? நம்மைப் போல முகமூடி மாட்டிக்கொண்டு மிதக்க வருகிறவர்கள் கொடுக்கிற காசிலிருந்து. அல்காலா 2014இல் அந்நாட்டின் தேசிய அறிவியலாளர் ஆனார், 2023இல் காலமானார். சிகிஹோரின் பலிடோன் கரையில் நின்றால் அப்போ தீவு கண்ணுக்கே தெரியும்.

தண்ணீருக்குள் தலையை வைத்த அரை நிமிஷத்தில் பொருளாளர் டிக்கெட்டை மறந்துவிட்டார். மூளை மாதிரி மடிப்பு விழுந்த பவளம், அதற்கு நடுவில் கிளிமீன், கோமாளி மீன், யாரையும் சட்டை செய்யாமல் மேய்கிற ஒரு கூட்டம். கூட வந்த வழிகாட்டி எதையும் மிதிக்க விடவில்லை. ரப்பர் செருப்பு கட்டாயம்.

மரியா ஊர்ப்பக்கம் சாலக்டோங் கடற்கரைக்குப் போகிற சாலையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கடற்கரையைவிட எனக்கு அந்தச் சாலைதான் பிடித்தது. இருபுறமும் மனிதர் நட்டு வளர்த்த மோலாவே காடு. நம் நொச்சியின் பங்காளி மரம் அது, ஆனால் ஆளை விழுங்குகிற அளவுக்கு வளர்கிறது. உள்ளூரில் துகாஸ் என்பார்கள். அதிலிருந்து வந்ததுதான் தீவின் பழைய பெயர், கட்டுகாசான். இந்த மரங்களில் மொய்த்த மின்மினிகளைக் கடலிலிருந்து பார்த்துத்தான் ஸ்பானியர்கள் இதை 'நெருப்புத் தீவு' என்றார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். சாலக்டோங்கில் பாறை மேல் குதிக்கிற மேடைகள் இரண்டு, ஒன்று 20 அடிக்கு மேல், இன்னொன்று 30 அடிக்கு மேல். இங்கேயும் ஓதம்தான் அதிகாரி. தண்ணீர் இறங்கியிருந்தால் குதிக்கக் கூடாது. நாங்கள் போனபோது நிறைந்திருந்தது. டாக்டர் உயர மேடையில் ஏறினான், கீழே பார்த்தான், இறங்கி வந்து சின்ன மேடையிலிருந்து குதித்தான். 'தூக்கம்' ஒன்றும் பேசாமல் ஏறிப் பெரிய மேடையிலிருந்து விழுந்துவிட்டு, கரைக்கு வந்து தென்னை நிழலில் படுத்துவிட்டான்.

சான் ஹுவானில் இருக்கிற லுக்னாசோன் அருவி கம்புகஹாய்க்குத் தம்பி. ராசிகளின் பெயர் வைத்த பன்னிரண்டு சின்னச் சின்ன விழுகைகளில் ஒன்று. கூட்டம் குறைவு. நேரமிருந்தால் போங்கள், இல்லாவிட்டால் குற்றமில்லை. லாசி தேவாலயம், எதிரே பவளக் கல்லும் மரமும் வைத்துக் கட்டின பிரமாண்டமான பழைய துறவியர் மாளிகை, இரண்டும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியவை. அகலமான மரப்பலகைத் தரையில் வெறுங்காலோடு நின்றாலே குளிர்ந்துவிடும். நானூறு வயது என்று சொல்லப்படும் பலேத்தே மரமும் அதே லாசியில்தான். ஆல் இனம். அடியிலிருந்து ஊற்று வந்து குளமாகி, குளத்தில் காலைக் கடிக்கிற மீன். இதற்கும் டிக்கெட். இங்கே பொருளாளரோடு நானும் சேர்ந்துகொண்டேன்.

சாப்பாடு. காரிந்தேரியா என்கிற சின்னக் கடைகளில் பானைகளை வரிசையாக வைத்திருப்பார்கள், மூடியைத் திறந்து பார்த்து வேண்டியதைக் காட்டலாம். அசைவக்காரர்களுக்குக் கொண்டாட்டம். வினிகர், இஞ்சி, கலமான்சி எலுமிச்சை போட்டு ஊறவைத்த பச்சை மீன் கினிலாவ். நான் இரண்டாம் கிண்ணமும் கேட்டேன். சைவத்துக்குக் கஷ்டம்தான். காய்கறி மாதிரி தெரிவதிலும் அடியில் பன்றித் துண்டு இருக்கும். பொருளாளரைக் காப்பாற்றியது வெள்ளிக்கிழமை. அன்று பல கடைகளில் மோங்கோ வைப்பார்கள்: பாசிப்பயறு வேகவைத்து முருங்கைக்கீரை போட்ட குழம்பு. அதிலும் கருவாடோ இறாலோ சேர்ப்பது வழக்கம் என்பதால், டாக்டர் முந்தின நாளே கடைக்கார அக்காவிடம் போய், தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தான். பயறும் கீரையும் சோறும். பொருளாளர் கண்ணில் தண்ணீர் வராத குறை.

சாயங்காலம் ஒரு வீட்டு வாசலில் தூபா கிடைத்தது. தென்னங்கள்ளேதான், மரப்பட்டை சேர்ப்பதால் செம்பழுப்பு நிறம். மரத்திலிருந்து இறக்கியவரே ஊற்றிக் கொடுத்தார். தமிழ்நாட்டில் 1987லிருந்து கள்ளுக்குத் தடை என்று டாக்டர் அவருக்கு விளக்கப் பார்த்தான். "மரம் இருக்கா?" என்றார் அவர். இருக்கு. "அப்புறம்?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

சிகிஹோர் என்றதும் பிலிப்பைன்ஸ்காரர்கள் சூனியத்தைத்தான் சொல்வார்கள். துமகெத்தேயில் ஆட்டோக்காரர்கூட, கொடுக்கிறதையெல்லாம் சாப்பிடாதீங்க என்று எச்சரித்தார். உண்மையில் மலைப்பக்கம் சான் அந்தோனியோவில் இருப்பவர்கள் மனனம்பால் என்கிற நாட்டு வைத்தியர்கள். பெரிய வியாழன், வெள்ளியை ஒட்டி மூலிகை சேர்த்து, புனித சனிக்கிழமையன்று காய்ச்சுவார்கள். போலோ-போலோ என்கிற முறையில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், அதில் ஒரு கல், ஒரு குழல். உடம்பின் மேலாகத் தம்ளரை நகர்த்திக்கொண்டே குழலால் ஊதுகிறார்கள். தண்ணீர் கலங்கினால் கொட்டிவிட்டு மறுபடி, தெளிவாக இருக்கும்வரை. 'தூக்கம்' உட்கார்ந்தான். அவனுக்குத் தண்ணீர் கலங்கியது. டாக்டர் என்ன சொல்வானோ என்று பார்த்தேன். அவன் அந்த மூதாட்டியிடம் பொறுமையாக எந்த இலைக்கு எந்த நோய் என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், "தண்ணி ஏன் கலங்குச்சுன்னு கேக்காதே, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரைய நிறுத்தச் சொல்றாங்களான்னு மட்டும்தான் நான் கவனிச்சேன். சொல்லல" என்றான். எனக்கு அது போதுமான பதிலாக இருந்தது.

இரவில் மின்சாரம் போய் வந்தது. 2025 ஜூனில் மின்வெட்டு முற்றிப்போய் மாகாணமே பேரிடர் நிலை அறிவித்த தீவு இது. கைவிளக்கும் பவர் பேங்க்கும் இல்லாமல் போகாதீர்கள். மின்சாரம் இருந்த இரவுகளில் பக்கத்து வீட்டு வீடியோகே பாட்டு எங்களைத் தூங்கவிடவில்லை. ஒருவனைத் தவிர.

போக நினைப்பவர்களுக்கு. 2025 ஜூன் 8 முதல் இந்தியர்கள் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் 14 நாள் தங்கலாம், நீட்டிக்க முடியாது. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஷெங்கன், சிங்கப்பூர், பிரிட்டன் விசாவோ குடியிருப்பு அனுமதியோ கையில் இருந்தால் 30 நாள். கிளம்புவதற்கு முன் இணையத்தில் இ-டிராவல் பதிவு செய்யணும், அது இலவசம், காசு கேட்கிற தளம் எல்லாம் போலி. சிங்கப்பூர் வழியாகச் செபு போய், அங்கிருந்து பஸ்ஸில் தெற்கே லிலோவான், படகில் சிபுலான், பக்கத்திலேயே துமகெத்தே, மறுபடி படகு என்று நாங்கள் போனோம். துமகெத்தே படகு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். காற்று பலமாக இருந்தால் படகு ஓடாது, அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளைத் தீவில் வைக்காதீர்கள். வண்டி வலது பக்கம் ஓட்டணும், தலைக்கவசம் போடணும். சில்லறைப் பணம் நிறைய வேண்டும். ஜனவரியிலிருந்து மே வரை மழை குறைவு.

ஓத அட்டவணையை அறை போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். சிகிஹோரை ஒரே நாளில் சுற்றிக்காட்டுகிறேன் என்று யாராவது அட்டை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.